விளக்கு தெரியாமல் வெளிச்சம்: ஃபால்ஸ் சீலிங் பற்றி வாசகர் கேள்விகள்

ஃபால்ஸ் சீலிங், அதாவது கான்க்ரீட் தளத்துக்குக் கீழே இறக்கிப் போடும் இரண்டாவது கூரை, அதில் அலங்கார விளக்கு அமைப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி "எந்த டிசைன் நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டு, கூடவே வாட்ஸ்அப்பில் சேர்த்து வைத்த படங்கள். டிசைனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வெளிச்சம் எங்கே விழ வேண்டும், அறையின் உயரம் எவ்வளவு, ஃபேன் எங்கே தொங்குகிறது, இந்த மூன்றும் முடிவானால் டிசைனில் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். பொதுவாகப் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஹால் 18 அடிக்கு 14 அடி, தளம் 10 அடி உயரம். சீலிங் போடுகிறவர் மூன்று அடுக்கு வைத்து, நடுவில் பெரிய தாமரை, சுற்றி நீலமும் சிவப்புமாக விளக்கு என்று ஒரு படம் காட்டினார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. செய்யலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அந்தப் படத்தில் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. இணையத்தில் சுற்றும் சீலிங் படங்களில் பெரும்பாலானவற்றில் ஃபேனே கிடையாது, ஏசி அறைகள் அவை, அதிலும் பல கம்ப்யூட்டரில் வரைந்தவை. மதுரையில் சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாத ஹாலில் யார் உட்காருவது? தாமரையின் நடுவில் ஃபேனைத் தொங்கவிட்டால், மூன்று அடுக்கு ஒரு அடிக்கு மேல் கீழே இறங்கியிருக்கும், இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு அடியாவது இடம் விட்டால்தான் காற்று ஒழுங்காக வரும், ஆக இறக்கை தரையிலிருந்து ஏழரை அடியில் சுற்றும். ஆறடிப் பையன் ஒருவன் கையைத் தூக்கி டீ-ஷர்ட் கழற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது இது. நடுவை மூடாதீர்கள். சுவரை ஒட்டிச் சுற்றிலும் இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் ஜிப்சம் போர்டில் ஒரு பட்டையை இறக்குங்கள், நடுவில் 14 அடிக்கு 10 அடி அப்படியே கான்க்ரீட் தளம் தெரியட்டும். பட்டையின் உள் ஓரத்தில் சின்னதாக ஒரு உதடு மேலே எழும்பி நிற்கும். அதற்குப் பின்னால் ஸ்ட்ரிப் லைட், அதாவது நாடா மாதிரி நீளமாக ஒட்டும் எல்.இ.டி. விளக்கு. விளக்கு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் தளத்தில் பட்டு அறைக்குள் இறங்கும். இதைத்தான் கோவ் லைட் என்கிறார்கள். ஃபேன் தளத்தில் இருக்கும் கொக்கியிலேயே, கூட வரும் சாதாரண ராடிலேயே தொங்கும், உயரமும் போகாது.

இதில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்யும் இடம், உதட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. உயரம் போகிறதே என்று மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் ஓரத்தில் பளீரென்று ஒரு கோடு மட்டும் விழும், நடுத்தளம் இருட்டாகவே இருக்கும். ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எட்டு கிடைத்தால் அருமை. ஆறு அங்குல இடைவெளி, உதட்டின் உயரம், போர்டு எல்லாம் சேர்த்தால் ஒன்பது அங்குலம் இறங்கும். உங்கள் பத்தடியில் பட்டைக்குக் கீழே ஒன்பதேகால் அடி நிற்கும். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் ஒன்பது அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு (ஏசி அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் வரை விடுகிறது), அதற்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். உதட்டின் உயரத்தை வேலை நடக்கும்போதே சோதித்துவிடுங்கள்: எதிர்ச்சுவரை ஒட்டி நின்று பார்த்தால் ஸ்ட்ரிப் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அதன் உயரம், அதற்கு மேல் உயர்த்தினால் வெளிச்சத்தைத்தான் மறைக்கும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓரத்திலிருந்து தளத்தை உரசிக்கொண்டு போகும் வெளிச்சம், தளத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் வழவழப்பாகத் தெரிந்த தளம் ராத்திரி விளக்கைப் போட்டதும் மணல்திட்டு மாதிரி இருக்கும். அதனால் பட்டி பார்த்து முடிந்ததும், பெயின்ட் அடிக்கும் முன்பு, ஒரு ராத்திரி ஸ்ட்ரிப்பைத் தற்காலிகமாக ஓரத்தில் வைத்து எரியவிட்டுப் பாருங்கள். தெரிகிற இடத்தையெல்லாம் பென்சிலில் வட்டம் போட்டு மறுநாள் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் மேட் வெள்ளைதான், பளபளப்பு வேண்டவே வேண்டாம். பளபளத்தால் மறைத்து வைத்த ஸ்ட்ரிப்பின் புள்ளிகள் அத்தனையும் கண்ணாடியில் தெரிவதுபோல் தளத்தில் தெரியும்.

கோவ் லைட் மட்டும் போதாது. அது அறையை நிரப்புமே தவிர, பேப்பர் படிக்க, காய் நறுக்க, பிள்ளைகள் எழுத உதவாது. சோஃபாவும் டிவியும் எங்கே வரப்போகின்றன என்று தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டு, அதற்கு ஏற்றபடி பட்டையில் நான்கைந்து டவுன் லைட் (துளை போட்டுப் பதிக்கும், நேர் கீழே அடிக்கும் விளக்கு) வையுங்கள், டிவிக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், திரையில் பிரதிபலிக்கும். தாமரைதான் வேண்டும் என்று பாட்டி அடம்பிடித்தால் வாசலில் கோலமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: போன வருடம் ஃபிளாட்டில் கோவ் லைட் போட்டோம். ஸ்ட்ரிப் தொடங்கும் முனையில் பிரகாசமாக இருக்கிறது, தள்ளிப் போகப் போக மங்கி, கடைசி முனையில் மஞ்சளடித்துப் போகிறது. இரண்டு இடத்தில் பெயர்ந்து தொங்குகிறது. ஒரு பகுதி விட்டுவிட்டு எரிகிறது. மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமா? (சென்னை வாசகி)

பதில்: சீலிங்கைத் தொட வேண்டாம், ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினால் போதும். மங்குவதற்குக் காரணம் வோல்டேஜ் இறங்குவது. நீங்கள் போட்டிருப்பது 12 வோல்ட் ஸ்ட்ரிப்பாக இருக்கும், ஒரு சுருள் 5 மீட்டர் முடிந்ததும் அதன் வாலிலேயே அடுத்த சுருளை இணைத்திருப்பார்கள். மீட்டருக்கு 10 வாட் என்று வைத்தால் ஐந்து மீட்டருக்கு 50 வாட், 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் அந்த மெல்லிய செம்புப் பட்டை வழியாக ஓட வேண்டும். இரண்டாவது சுருளும் சேர்ந்தால் எட்டு. அது எப்படித் தாங்கும்? 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகிவிடும், இழப்பு விகிதம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு ஐந்து மீட்டருக்கும் ட்ரைவரிலிருந்து (வீட்டுக் கரண்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற வோல்டேஜுக்கு மாற்றித் தரும் பெட்டி) தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள், வாலோடு வால் கட்டும் வேலை வேண்டாம்.

பெயர்ந்து விழுவது ஜிப்சம் தூசியால். போர்டின் மேல் நேராக ஒட்டினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், போர்டைப் பிடிக்காது. அலுமினியச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கி அதற்குள் ஸ்ட்ரிப்பை ஒட்டினால் விழாது, சூடும் அலுமினியத்துக்கு இறங்கிவிடும், ஆயுளும் கூடும். விட்டுவிட்டு எரிவது பெரும்பாலும் ட்ரைவர் கோளாறுதான், 50 வாட் ஸ்ட்ரிப்புக்கு 50 வாட் ட்ரைவரையே போட்டு முழு மூச்சில் ஓட விட்டிருப்பார்கள். 60 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதைக் கை எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், போர்டுக்குள் போட்டு மூடிவிட்டால் அடுத்த முறை கெட்டுப்போகும்போது சீலிங்கை அறுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: வெள்ளையா, மஞ்சளா? வீட்டில் தினமும் சண்டை. (திருச்சி வாசகர்)

பதில்: டியூப் லைட் பழக்கிவிட்ட கண்கள் நமக்கு. 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) வெள்ளைதான் "நல்ல வெளிச்சம்" என்று மனதில் பதிந்துவிட்டது, அதற்குக் கீழே எது வந்தாலும் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் வெளிச்சம் என்று தோன்றும். ஹாலிலும் படுக்கையறையிலும் கோவ் லைட் 3000 கெல்வின், சமையலறையிலும் படிக்கும் மேஜைக்கு மேலேயும் 4000. இதை ஒரு வாரம் அனுபவித்துப் பார்த்த பிறகு சண்டை தொடர்ந்தால் எழுதுங்கள். ஒரே அறையில் கோவ் மஞ்சள், டவுன் லைட் பளீர் வெள்ளை என்று கலப்பதுதான் இருக்கிறதிலேயே மோசம், சமாதானத்துக்காகக்கூட அதைச் செய்யாதீர்கள். அப்புறம் கண்ணாடி முன் வைக்கும் விளக்குக்கு மட்டும் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அரக்கு நிறப் பட்டுக்கு எடுத்த ரவிக்கைத் துணி வெயிலில் வேறு நிறமாக இருக்கும்.

கேள்வி: டவுன் லைட் எரியும்போது ஃபேன் ஓடினால் அறையே துடிப்பதுபோல் இருக்கிறது, தலை வலிக்கிறது. (ஈரோடு வாசகி)

பதில்: இறக்கைக்கு மேலே விளக்கு இருக்கிறது, இறக்கை ஒவ்வொரு முறையும் அதை வெட்டிக்கொண்டு போகிறது. வழக்கமான ஃபேனின் வீச்சு 1200 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து இரண்டு அடி. அந்த நுனியிலிருந்தும் இன்னும் இரண்டு அடி தள்ளித்தான் டவுன் லைட் இருக்க வேண்டும். இப்போதைக்கு உள்ளே இருக்கும் விளக்குகளைத் தனி ஸ்விட்ச்சுக்கு மாற்றி அணைத்துவையுங்கள், துளைகளுக்கு மூடி கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு காரைக்குடிப் பக்கம். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, 13 அடி உயரம். எப்போதும் இருட்டு, சுண்ணாம்புத் துகள் விழுகிறது. கீழே ஜிப்சம் போட்டு மூடி நிறைய விளக்கு வைத்துவிடலாம் என்கிறார் தம்பி. (வாசகர், தற்போது கோவை)

பதில்: தம்பியிடம் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடிவிட்டால் கட்டையில் கரையான் ஏறினாலும் தெரியாது, ஒழுகினாலும் தெரியாது, தெரியும்போது கட்டை உளுத்திருக்கும். துகள் விழுவதற்கு மேலே ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, பூச்சு பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் கலவையாலேயே பூசும் ஆளைத் தேடுங்கள். அந்தப் பக்கம் இன்னும் கிடைப்பார்கள். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு வருவோம். அலங்காரக் கூரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். சுவரில் ஒன்பதடி, பத்தடி உயரத்தில் மெல்லிய மரப்பட்டை ஒன்றை ஓடவிட்டு, அதன் மேல் மேல்நோக்கி 2700 அல்லது 3000 கெல்வின் ஸ்ட்ரிப். எந்தச் சுவரில் என்பதுதான் முக்கியம். கட்டைகளின் முனைகள் எந்த இரண்டு சுவரில் உட்கார்ந்திருக்கின்றனவோ அந்த இரண்டில் வையுங்கள். வெளிச்சம் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் வழியாக நீளமாக ஓடும், ஒவ்வொரு கட்டையும் தனியாக எழுந்து தெரியும். மற்ற இரண்டு சுவரில் வைத்தால் முதல் கட்டையே மறித்துக்கொண்டு அதற்குப் பின்னால் எல்லாம் நிழலாகிவிடும். கட்டைகளுக்கு நடுவே சுண்ணாம்பு வெள்ளையடித்துவிடுங்கள், கட்டையில் பெயின்ட் மட்டும் படவிடாதீர்கள்.

கறுத்த தேக்கு வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதால் கீழே அதிகம் திரும்பி வராது. படிக்க, சாப்பிட வேண்டிய இடத்துக்கு மேலே 13 அடி உயரத்தைப் பயன்படுத்தி ஒரு நல்ல தொங்குவிளக்கைத் தாழ இறக்குங்கள். இவ்வளவு உயரம் கிடைக்காமல்தான் நகரத்தில் எல்லோரும் திண்டாடுகிறோம்.

கேள்வி: மாடியில் மேல்தளம். கூரையில் ஈரத் திட்டு இருக்கிறது. அதை மறைக்கவும் வெயில் சூடு குறையவும் ஃபால்ஸ் சீலிங் போடலாமா? தண்ணீர் படாத பி.வி.சி. போர்டு இருக்கிறதாமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உங்கள் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒழுக்கை அடைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தாண்டிய பிறகுதான் சீலிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜிப்சம் நனைந்தால் தொய்ந்து இறங்கும். பச்சை நிறத்தில் வரும் ஈரம் தாங்கும் போர்டும் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத்தான், ஒழுக்குக்கு இல்லை. பி.வி.சி. நனையாது, வாஸ்தவம், ஆனால் தண்ணீர் அதன் மேல் நின்று வழி தேடும், அதற்குக் கிடைக்கும் வழி விளக்குக்காக நீங்கள் போட்ட துளைதான், அங்கே கரண்ட் இருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோட்டின் இணைப்புகளையும் மழைநீர்க் குழாய் வாயையும் முதலில் பாருங்கள். சூட்டுக்கும் அங்கேயேதான் மருந்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடியில் அடித்தால் வெப்பம் கான்க்ரீட்டுக்குள் இறங்குவதற்கு முன்பே குறையும். கீழே போர்டு போட்டால் ஏற்கெனவே சூடான கான்க்ரீட்டை மறைக்கலாம், ஓரளவு உதவும், அவ்வளவே.

கேள்வி: பூஜையறை 5 அடிக்கு 4 அடி. கூரை முழுவதும் பால் வெள்ளை அக்ரிலிக் வைத்து உள்ளிருந்து எரியவிட ஆசை. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அழகாக இருக்கும், சின்ன அறைக்குப் பொருத்தமும்கூட. ஸ்ட்ரிப் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஷீட்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே குறைந்தது அவ்வளவு ஆழம் இருக்க வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் நான்கு அங்குல ஆழம். குறைந்தால் கோடு கோடாகத் தெரியும். பெட்டியின் உட்புறம் முழுக்க வெள்ளை. ஐந்தடி நீளத்துக்கு ஒரே ஷீட் போட்டால் நாளடைவில் நடுவில் தொங்கும், இரண்டு மூன்று துண்டாகச் சட்டத்துக்குள் வையுங்கள், சூட்டில் விரிய ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, கழற்றக்கூடியதாக. கழற்ற வேண்டிய நாள் கட்டாயம் வரும், ஈசலும் கொசுவும் எப்படியோ உள்ளே புகுந்து செத்துக் கிடக்கும், கீழிருந்து ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் தீப்பிடிக்கும் பொருள். குத்துவிளக்கும் கற்பூரமும் அதற்கு நேர் கீழே வரும்படி வைக்காதீர்கள். கரி படிவது தனித் தொல்லை.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் எல்லாம் ஒரு ஃபேஷன்தானே? பத்து வருடத்தில் பழசாகிப் போகும் விஷயத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பாதி உண்மை. ஒரு காலத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பூவும் கொடியும் வைக்காத வீடு கிடையாது, இன்று அதையெல்லாம் பார்த்தால் சிரிப்பு வருகிறது, இன்றைய கோடு போட்ட டிசைன்களுக்கும் அந்தக் கதிதான். ஆனால் வெளிச்சம் வரும் இடத்தை மறைத்து, வெளிச்சத்தை மட்டும் காட்டுவது மிகப் பழைய யோசனை. இஸ்தான்புலில் 537-இல் கட்டி முடித்த ஹாகியா சோஃபியாவின் குவிமாடத்துக்கு அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். அந்த வெளிச்சத்தில் அவ்வளவு பெரிய குவிமாடமும் கீழே எதன்மேலும் படாமல் மிதப்பதுபோல் தெரியும். ரோமில் 17-ஆம் நூற்றாண்டில் பெர்னினி, புனித தெரசாவின் சிலைக்கு மேலே கீழிருந்து பார்த்தால் தெரியாத ஜன்னல் ஒன்றை வைத்து, வானத்திலிருந்தே ஒளி இறங்குவதுபோல் செய்தார். மின்விளக்கு வந்த பிறகு, 1932-இல் திறந்த நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் மேடையைச் சுற்றி அரைவட்டங்களாக எழும் கூரையின் இடுக்குகளில் வண்ண விளக்குகளை ஒளித்து வைத்து, அரங்கம் முழுவதையும் சூரியன் மறையும் வானமாக்கினார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது. அங்கே கூரையின் வளைவு ஒவ்வொன்றும் ஒளி வழுக்கி ஓடுவதற்காகப் போட்டது, நம் ஊரில் வளைவை முதலில் போட்டுவிட்டு விளக்கை எங்கே சொருகுவது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்கிறார்கள். ஆகவே அலங்காரத்தைக் குறையுங்கள், விளக்கில் குறைக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமா? (சேலம் வாசகி)

பதில்: கொஞ்சம் ஏறும். தளத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும், அதனால் நேர் விளக்கைவிட அதிக வாட் தேவை. மதுரை வாசகரின் ஹாலையே எடுத்துக்கொண்டால் உள்சுற்றளவு 48 அடி, ஏறக்குறைய 14.6 மீட்டர், மீட்டருக்கு 10 வாட் என்றால் 146 வாட். தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதப் பில்லில் 44 யூனிட் போல வரும். அதே ஹாலில் 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு போட்டால் 12 யூனிட்தான். டிம்மர் வைத்தால் பாதி வெளிச்சத்திலேயே பெரும்பாலான நேரம் ஓட்டலாம், ஆனால் ஸ்ட்ரிப்புக்கும் ட்ரைவருக்கும் பொருந்தும் டிம்மராகக் கேட்டு வாங்க வேண்டும், சுவரில் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டிப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: படுக்கையறையில் தலைக்கு மேலே நான்கு டவுன் லைட், சரியா? (வேலூர் வாசகர்)

பதில்: மல்லாந்து படுத்தால் நேராகக் கண்ணில் அடிக்கும். அலமாரிப் பக்கம் தள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். சதுர அடி விலை ஒருவர் குறைவு, மற்றவர் அதிகம். குறைவானவரிடம் கொடுக்கலாமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: சதுர அடி விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தரையின் பரப்பைத்தான் அளப்பாரா, அல்லது பட்டை இறங்கும் செங்குத்துப் பக்கங்களையும் விரித்து அளப்பாரா என்று கேளுங்கள், குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் விரித்து அளப்பவராக இருப்பார். கோவ் ஓரத்துக்கு ஓடும் அடிக்குத் தனிக் கணக்கா? விளக்குத் துளை ஒவ்வொன்றுக்கும் காசா? பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்ததா? போர்டைத் தாங்கும் இரும்புச் சேனல் எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? தடிமன் குறைந்த சேனலைப் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது, இரண்டு வருடம் கழித்து இணைப்புகளில் விரிசல் விடும்போதுதான் தெரியும். ஃபேனும் கனமான தொங்குவிளக்கும் தளத்துக் கொக்கியில்தான் தொங்கும், சேனலில் இல்லை என்பதையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். போர்டு மூடுவதற்கு முதல் நாள், வயர் போகும் வழி, சேனல் ஓடும் இடம், ட்ரைவர் வைத்த மூலை எல்லாவற்றையும் பக்கத்தில் டேப் பிடித்து மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கர்ட்டன் ராடுக்கோ ஏசிக் குழாய்க்கோ ட்ரில் போட வரும்போது அவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படங்களைத்தான்.